பள்ளியும் பள்ளிக்கூடமும்: கேரள யூதர் மரபில் இளையோரின் அறவுணர்வு

தமிழில் 'பள்ளி' என்னும் சொல் முன்பு சமணத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது என்றும், அவ்விடங்களில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் வழக்கம் இருந்தமையால் பின்னாளில் கல்விக்கூடத்துக்குப் பெயராயிற்று என்றும் சொல் வரலாற்றை ஆராய்ந்தோர் விளக்குவர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் மலையாளத்தில் அதே சொல் இன்றும் வழிபாட்டிடத்தைச் சுட்டி நிற்கிறது. கிறித்தவர், முஸ்லிம், யூதர் ஆகிய மூவரின் தொழுமிடமும் அங்கே பள்ளிதான். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடத்தை மக்கள் 'பரதேசிப் பள்ளி' என்றே அழைக்கின்றனர். கிழக்கு ஐரோப்பிய யூதர் பேசிய இத்திஷ் மொழியில் தொழுகைக்கூடத்துக்கு வழங்கும் 'ஷூல்' என்ற பெயரும் கல்விக்கூடத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லின் வழிவந்ததே. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் தொழுமிடத்தையும் படிப்பிடத்தையும் ஒரே சொல்லால் சுட்டியிருப்பது, யூத மரபு தன் இளையோரை எப்படி வளர்த்தது என்று ஆராய்வோருக்குப் பொருத்தமான நுழைவாயில்.

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்களில் யூதர் எவரும் அண்டை வீட்டாராக வாழ்ந்ததில்லை என்றாலும், மோசே, தாவீது, ரூத் ஆகிய பெயர்கள் அங்குள்ளோருக்குப் புதியவையல்ல. பழைய திருநெல்வேலி மாவட்டம் முழுவதும் பரவியிருந்த மிஷன் பள்ளிகள் அப்பெயர்களைச் சமய வேறுபாடின்றி மாணவர் பலரின் காதுக்குக் கொண்டுசேர்த்தன. இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல், எபிரேய வேதத்தில் சாலமோன் அரசனின் கப்பல் கொண்டுவந்த மயிலைக் குறிக்கும் சொல் தமிழின் 'தோகை'யிலிருந்து சென்றதாக 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் எடுத்துக்காட்டியதும் இம்மண்ணில் அறியப்பட்ட செய்தியே. ஆயினும் கிறித்தவம் வழியாக வந்த அந்த அறிமுகத்தில் யூதர் தம் வேதத்தை எவ்வாறு படித்தனர், எவ்வாறு பிள்ளைகளுக்குப் புகட்டினர் என்பது இடம்பெறவில்லை. அதை அறிய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் வரும் கொல்லத்தில், 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், சாட்சிகள் சிலர் எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டிருக்கின்றனர்; 12ஆம் நூற்றாண்டில் துதேலா நகரத்துப் பெஞ்சமின் என்ற யூதப் பயணி, கொல்லத்து யூதர் நிறத்தில் தம் அயலாரைப் போலவே கறுத்தவர்கள் என்றும், நல்லவர்கள் என்றும், மோசேயின் சட்டத்தைக் கைக்கொள்பவர்கள் என்றும் எழுதிவைத்தார். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணப் பட்டத்தையும், குடை, பல்லக்கு, பகல்விளக்கு முதலிய 72 உரிமைகளையும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில், தமிழோடு பெரிதும் ஒத்த அக்கால மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது.

யூத மரபில் கல்வி என்பது சமயக் கடமை. மோசேயின் ஐந்து நூல்களைக் கொண்ட தோரா, கட்டளைகளை வீட்டில் இருக்கையிலும் வழியில் நடக்கையிலும் படுக்கையிலும் எழுகையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமெனப் பெற்றோரைப் பணிக்கிறது. தோராவுக்கு விளக்கமாகவும் அதன் மீதான விவாதமாகவும் கி.பி. முதல் ஆறு நூற்றாண்டுகளில் உருவான பெருந்தொகுப்பான தால்முத், இக்கடமையை நடைமுறைக்குக் கொண்டுவந்த வரலாற்றையும் பதிவு செய்கிறது: எருசலேம் ஆலயம் அழியும் காலத்தை ஒட்டி வாழ்ந்த யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கென ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்த ஏற்பாடு செய்தாராம், ஓர் ஆசிரியரிடம் 25 பிள்ளைகள் இருக்கலாம், 40 ஆகிவிட்டால் ஊரார் செலவில் துணையாசிரியர் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கும் அங்கே உள்ளது. தந்தை தன் மகனுக்குச் செய்ய வேண்டியவற்றை அடுக்கும் இன்னோர் இடத்தில், தோராவைக் கற்பிப்பதோடு ஒரு கைத்தொழிலையும் கற்பிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டு, நீச்சலும் கற்பிக்க வேண்டும் என்று சிலர் கருதினர் என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேதம் படித்த பிள்ளை பிழைக்கவும் தெரிந்திருக்க வேண்டும், ஆற்றில் விழுந்தால் கரையேறவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற இந்த நோக்கு, அறத்தை ஏட்டோடு நிறுத்திக்கொள்ளாத ஒரு மரபைக் காட்டுகிறது.

ஆண்பிள்ளை 13 வயதிலும் பெண்பிள்ளை 12 வயதிலும் தம் செயலுக்குத் தாமே பொறுப்பாகின்றனர். ஆண்பிள்ளைக்குரிய அந்த நிலையைப் 'பார் மிட்ஸ்வா', அதாவது கட்டளைக்கு உட்பட்ட மகன், என்பர். தோராவில் 613 கட்டளைகள் உள்ளதாக மரபு எண்ணுகிறது. ஓராண்டில் படித்து முடிக்கும் வகையில் 54 பகுதிகளாக வகுக்கப்பட்ட தோராவை வாரந்தோறும் சபைமுன் ஓதுவர். ஓலைச்சுவடிபோலவே புள்ளியும் நிறுத்தக்குறியும் இல்லாத அந்தத் தோல்சுருளைப் பிழையின்றி ஓத வேண்டுமாதலால், பெரியவர்கள் நிறைந்த கூட்டத்தின் முன் நின்று ஓதும் சிறுவன் எழுத்தோடு துணிவையும் சேர்த்தே கற்கிறான். இளையவனுக்குப் பேச இடமில்லாத சபைகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதன் அருமையை எளிதில் உணர்வர்.

பேசுவதற்கு இடம் தருவதோடு, கேள்வி கேட்பதையும் இம்மரபு கடமையாக்கியது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா திருநாளின் முதல் இரவில் குடும்பம் முழுவதும் கூடி உண்ணும் சடங்குக்குச் 'செதர்', அதாவது ஒழுங்குமுறை, என்று பெயர். அவ்விரவில் வீட்டின் இளைய பிள்ளை எழுந்து, மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு எவ்வாறு வேறுபடுகிறது என்று கேட்டால்தான் சடங்கு நகரும். கேட்பதற்குப் பிள்ளை இல்லாவிட்டால் பெரியவர்கள் தமக்குள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று வாசிக்கப்படும் 'ஹகதா' என்ற கதைநூல் நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது: அறிவாளி, முரடன், வெள்ளந்தி, கேட்கவே தெரியாதவன். அவரவர் நிலைக்கேற்ற பதில் தரப்பட வேண்டும் என்பதும், முரடனுக்கும் பந்தியில் இடம் உண்டு என்பதும், கேட்கத் தெரியாத பிள்ளைக்குப் பெற்றோரே பேச்சைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பதும் ஒரு கல்வியாளன் நின்று கவனிக்க வேண்டிய நுட்பங்கள்.

கருத்து வேறுபாட்டை இம்மரபு போற்றிய விதமும் இதனோடு சேர்ந்தது. ஹில்லேல், ஷம்மாய் ஆகிய பழங்கால யூத ஆசான் இருவரின் மாணவர் பரம்பரைகள் நீண்ட காலம் மோதிக்கொண்டன. இரு தரப்பாரின் சொல்லும் கடவுளின் சொல்லே என்றும், நடைமுறைக்கு ஹில்லேல் வழியை ஏற்க வேண்டும் என்றும், எதிர்த்தரப்பின் கருத்தைத் தம் கருத்துக்கு முன்னே எடுத்துச்சொல்லும் பணிவு ஹில்லேல் வழியாரிடம் இருந்ததே அதற்குக் காரணம் என்றும் தால்முத் தீர்ப்புக் கூறுகிறது. தோற்ற தரப்பின் வாதமும் நூலில் அப்படியே காக்கப்பட்டது. இன்றும் மாணவர் இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் வாதத்தை மற்றவர் மறுத்துப் படிக்கின்றனர். சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று வாதிட்ட சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்களின் வழக்கும் கோமதியம்மனின் தவமும் சங்கரநாராயணத் திருவுருவில் முடிந்த கதையைச் சங்கரன்கோவில் ஆடித்தபசில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இரு தரப்பையும் அழிக்காமல் வழக்கை முடிக்கும் இம்முறை அயலாகத் தோன்றாது.

யூதப் போதனையின் ஒழுக்க மையமாக அடிமைத்தன நினைவையே கொள்ள வேண்டும். உலகின் பல இனங்கள் தம் முன்னோரை அரசராகவும் வீரராகவும் பாடிக்கொண்டிருக்க, தம் மூதாதையர் செங்கல் அறுத்த அடிமைகள் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது அரிது. அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தாய் என்ற பொருளுடைய கட்டளை தோராவில் 36 இடங்களில் வருவதாகத் தால்முத் அறிஞர் எண்ணிச் சொன்னார்கள். இந்த நினைவின் மீதே அன்றாடச் சட்டங்கள் எழுந்தன: கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும்; அறுவடையில் வயலின் ஓரத்தை அறுக்காமலும் சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்க வேண்டும்; களத்தில் பிணையல் சுற்றும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது. மானாவாரி நிலமும் அன்றாடக் கூலியும் தெரிந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இச்சட்டங்களுக்கு உரை தேவையில்லை. ஏழைக்குக் கொடுப்பதை எபிரேயத்தில் 'செதாகா' என்பர். அதன் வேர்ச்சொல் நீதியைக் குறிப்பதால், கொடுப்பவன் இரக்கம் காட்டுகிறான் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை, கடனைத் தீர்க்கிறான் என்பதே பொருள். 12ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்து, ஒருவன் மீண்டும் கையேந்தாதபடி அவனுக்குக் கடனோ கூட்டோ வேலையோ தந்து நிமிர்த்துவதை உச்சியில் வைத்தார். ஏழாம் நாளான சபாத்தில், அதாவது ஓய்வுநாளில், எசமானோடு வேலையாளும் அடிமையும் எருதும் ஓய்வு பெற வேண்டும் என்ற கட்டளையும் இந்த வரிசையிலேயே வருகிறது. கொங்கணக் கடற்கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேல் யூதரைச் சுற்றியிருந்த மக்கள் 'சனிக்கிழமை வாணியர்' என்ற பொருளில் 'ஷனிவார் தேலி' என அழைத்தனர். நூல்கள் கைநழுவிப்போன அந்தச் சமூகத்துக்கு வாரத்தில் ஒருநாள் செக்கை நிறுத்தியதே அடையாளமாக மிஞ்சியிருந்தது.

கொச்சி யூதர் இந்தப் போதனையைக் கேரள மண்ணின் வழக்கங்களோடு இணைத்து வாழ்ந்தனர். பஸ்காவுக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே வீட்டைத் துப்புரவாக்கி, அரிசியை மணி மணியாகப் பொறுக்கி, தனிப் பாத்திரங்களை எடுத்துவைக்கும் அவர்களுடைய தூய்மைப் பேணலில் அயலிலிருந்த உயர்சாதி இந்துக்களின் ஆசாரச் சாயல் உண்டு என்று நேதன் காட்ஸ், எல்லன் கோல்ட்பெர்க் ஆகிய ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர். தோரா ஓதி முடித்து மீண்டும் தொடங்கும் சிம்ஹத் தோரா நாளில் சுருள்களை ஏந்திப் பள்ளியை வெளியே வலம்வருவதும் அவர்களின் தனி வழக்கம். பெண்கள் எபிரேயம் ஓதக் கற்றதோடு, வேதக் கதைகளையும் திருமண வாழ்த்துகளையும் மலையாளப் பாட்டுகளாகக் கட்டிக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, ஆண்கள் அமர்ந்திருக்கும் சபையிலேயே பாடினர். ஆண்கள் முன் பெண்குரல் ஒலிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல நாட்டு யூதரிடம் நிலவியபோது கேரளத்தில் அது இல்லை. ஸ்கரியா ஸக்கரியாவும் பார்பரா ஜான்சனும் அப்பாடல்களைத் தொகுத்து ஆராய்ந்திராவிட்டால், பாட்டி மடியில் பேத்திக்குக் கிடைத்த அந்தக் கல்வி பதிவின்றிப் போயிருக்கும்.

இத்தனை சிறப்பையும் சொன்ன பிறகு, மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அடிமைத்தனத்தை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்த கொச்சியின் பரதேசி யூதர், அதாவது ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பிற்காலத்தில் வந்து குடியேறியவர்கள், தாமும் அடிமைகளை வைத்திருந்தனர். விடுவிக்கப்பட்டு யூதராக்கப்பட்ட அவ்வடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு 'மெஷுஹ்ராரிம்', விடுதலை பெற்றோர், என்று பெயர். அவர்கள் பரதேசிப் பள்ளியின் முன்கூடத்தில் தரையிலோ படியிலோ உட்கார வேண்டியிருந்தது. உள்ளே இருக்கைகளில் அமர விடப்படவில்லை. தோரா ஓத அழைக்கப்படவில்லை. இறந்தால் அதே இடுகாட்டில் இடம் இருக்கவில்லை. மண உறவும் இருக்கவில்லை. தொன்மையான மலபார் யூதரோடும் பரதேசியர் மணஉறவு கொள்ளவில்லை. சாதியைச் சுற்றிலும் பார்த்த சமூகம் அதைத் தன் தொழுமிடத்துக்குள்ளும் கொண்டுவந்தது. அறியாமையால் நேர்ந்தது என்று இதைத் தள்ளிவிடவும் இயலாது. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து சென்ற கேள்விக்கு, எகிப்திலிருந்த தாவீது இப்னு சிம்ரா என்ற சட்ட அறிஞர், முறைப்படி நீராட்டுச் சடங்கு செய்தபின் அவர்கள் முழு யூதரே என்றும் அவர்களோடு மணம் செய்யலாம் என்றும் தீர்ப்பெழுதினார். தீர்ப்பு வந்தது, நடைமுறை மாறவில்லை.

இந்த முன்கூடத்தில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர் ஆபிரகாம் பாராக் சாலேம். 1882இல் பிறந்த அவர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்று, சென்னையில் சட்டம் படித்துப் பட்டம் பெற்று வழக்கறிஞரானார். மெஷுஹ்ராரிம் மக்களுள் முதற் பட்டதாரி அவரே. தொழிலாளர் சங்கம் அமைப்பதில் ஈடுபட்டு, 1925 முதல் 1931 வரையிலும் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்து, 1929இல் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறிய லாகூர் காங்கிரசிலும் கலந்துகொண்டார். படித்த இளைஞன் தன்னைத் தாழ்த்திய பள்ளியை விட்டு விலகிப் போயிருக்கலாம், சாலேம் விலகவில்லை. சில காலம் பள்ளிக்குச் செல்ல மறுத்தும், பின்னர் காந்திய வழியில் அமைதியாக எதிர்ப்புக் காட்டியும், யூதச் சட்டத்தின் பெயராலேயே நியாயம் கேட்டும் போராடினார். மக்கள் அவரை 'யூத காந்தி' என்றழைத்தனர். கொச்சியிலிருந்து சிறிது தொலைவிலுள்ள வைக்கத்தில் 1924-25இல் கோயில் வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்து, ஈ.வெ.ரா. பெரியார் இருமுறை சிறைசென்றதைத் தமிழ் வாசகர் அறிவர். தெருவில் நடக்கவும் இருக்கையில் அமரவும் உரிமை கேட்டு அண்டையண்டையாக எழுந்த இரு போராட்டங்களும் ஒரே காலத்துக் காற்றைச் சுவாசித்தவை. காந்தியத்தின் பங்கும் ஆங்கிலச் சட்டக் கல்வியின் பங்கும் சாலேமிடம் இருந்தன என்பதை ஒப்புக்கொண்டாலும், அவர் கையிலெடுத்த நியாயம் அவர் இளமையிலேயே செதர் பந்தியில் கேட்டு வளர்ந்தது என்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது. அடிமைகளாக இருந்தோம் என்று ஓதுகிறவர்களிடம், அடிமைகளின் மக்களை ஏன் தரையில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க அந்த ஓதலே அவருக்கு உரிமை தந்தது. 1930களிலும் 1940களிலும் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அதே சமூகத்தில் 1912இல் பிறந்த ரூபி டேனியல் என்ற பெண்மணி இரண்டாம் உலகப் போரின்போது இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றி, 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, தம் பாட்டியிடம் கேட்ட கதைகளையும் பாடல்களையும், தம் குடும்பம் பட்ட சிறுமைகளையும் சேர்த்து, பார்பரா ஜான்சனோடு இணைந்து 1995இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஏற்றத்தாழ்வை நேரில் அனுபவித்தவர் அதை ஒளிக்காமல் எழுதியதோடு அந்த மரபின் பாடல்களைக் காப்பதற்கும் முதுமை முழுவதையும் செலவிட்டது, சாலேமின் போராட்டத்துக்கு இணையாக வைத்து எண்ணத்தக்கது.

மேற்குக் கடற்கரையில் வடக்கே சென்றாலும் இத்தகைய ஒரு வாழ்வைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொச்சியிலிருந்து சென்ற ஆசிரியர்கள் பெனே இஸ்ரவேலருக்கு எபிரேயமும் வழிபாட்டு முறையும் கற்பித்தனர். 1875இல் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் மும்பையில் அச்சமூகப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி ஒன்றை நிறுவினார். அதே சமூகத்தில் 1890இல் பிறந்த ஜெருஷா ஜிராட் இலண்டனில் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றுத் திரும்பி, ஏழைப் பெண்களின் மகப்பேற்று மரணத்தைக் குறைப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1966இல் பத்மஸ்ரீ பெற்றார். பெண்களுக்கான சங்கத்தையும் சமயச் சீர்திருத்த அமைப்பையும் தொடங்குவதில் அவர் பங்கு பெரிது.

ஒரு போதனை தன்னளவில் மனிதரை நீதிமான்களாக்கிவிடும் என்று கொச்சியின் வரலாற்றைப் படித்தவர் எவரும் கூற முடியாது. பரதேசிப் பள்ளியின் மூத்தோர் சாலேமை விடவும் அதிகம் ஓதியவர்கள். எனினும் இளையோர் வாயில் கேள்வியை வைத்துப் பழக்கிய மரபு, ஒருநாள் அந்தக் கேள்வி தன் பக்கமே திரும்பும் வாய்ப்பையும் தன்னுள் வைத்திருந்தது. பிற மரபுகளின் பிள்ளைகளுக்கு இந்த அளவு கேட்கும் உரிமை தரப்பட்டிருந்தால், அவற்றின் முன்கூடங்களும் முன்னதாகவே காலியாகியிருக்கும் என்பது இக்கட்டுரையின் தீர்ப்பு.

1950இல் சாலேமின் மகன்களில் ஒருவர் பரதேசிக் குடும்பப் பெண் ஒருவரை மணந்தார். பல நூற்றாண்டுத் தடை அதில் உடைந்தது. அப்போது சமூகமே புறப்படத் தொடங்கியிருந்தது. 1950களின் நடுப்பகுதிக்குள் கொச்சி யூதரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்று நெவாத்திம் முதலிய வேளாண் குடியிருப்புகளில் அமர்ந்தனர். அவர்களை அனுப்பிவைக்கப் பாடுபட்ட சாலேம் தாம் மட்டாஞ்சேரியிலேயே தங்கி 1967இல் மறைந்தார். மட்டாஞ்சேரிப் பள்ளி இன்று சுற்றுலா இடம். தென்காசிப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து மாணவரைக் கொச்சிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், சீனத்திலிருந்து வந்த அந்த நீலநிறத் தரை ஓடுகளையும் தொங்கும் விளக்குகளையும் காட்டிய பின், வெளியே வரும்போது முன்கூடத்தில் சற்று நின்று, அங்கே யார் உட்கார வைக்கப்பட்டார்கள், யார் அதை மாற்றினார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.